கொல்லைக்கட்டிலிருந்து கூடம் வரை: ஜிக்பீ மெஷ் கொண்டு அழைப்பு மணி அமைக்கும் முறை

போன ஆவணியில் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆயிற்று. திருவையாற்றுப் பக்கம் குடமுருட்டிக் கரையோரம் எங்கள் வீடு. பழைய ஓட்டு வீடு. வாசல் திண்ணையிலிருந்து கொல்லைக் கதவு வரை 90 அடி நீளம். கழிவறை கொல்லைப் பக்கம் என்பதால் அம்மாவுக்கு இரண்டாங்கட்டு அறையில் கட்டில் போட்டோம். துணைக்கு இருக்கும் அக்கா முன்கட்டுக் கூடத்தில் படுப்பார். நடுவே முற்றமும், ஒன்றரை அடி கனத்தில் மூன்று சுண்ணாம்புச் சுவர்களும். அம்மா கூப்பிட்டால் கூடத்தில் கேட்காது.

கடையில் விற்கும் கம்பியில்லாக் காலிங் பெல் இரண்டாவது சுவரோடு நின்றுவிட்டது. வைஃபையும் முற்றத்தைத் தாண்டவில்லை. கடைசியில் கைகொடுத்தது மெஷ். ஓடு மாற்றும்போது ஆட்கள் வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றிக் கொடுப்பார்களே, அதேபோல ஒவ்வொரு கருவியும் சேதியை வாங்கி அடுத்த கருவிக்குத் தருகிறது. ஒரு வழி அடைபட்டால் வேறு வழியாகப் போகும். நான் பயன்படுத்தியது ஜிக்பீ என்ற கம்பியில்லா மெஷ் முறை. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கும் சின்ன மருத்துவமனைக்கும் இதே முறை போதும்.

வாங்க வேண்டியவை

ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்று (பழைய லேப்டாப் இருந்தால் அதுவே போதும்). சிசி2652பி சிப் உள்ள ஜிக்பீ டாங்கிள் (கணினியின் யூஎஸ்பி துளையில் செருகி ஜிக்பீ கருவிகளோடு பேசவைக்கும் குச்சி). ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள். சேதியைக் கைமாற்றித் தரும், போன் சார்ஜரில் செருகும் யூஎஸ்பி ரிப்பீட்டர் மூன்று. ஜிக்பீ பட்டன் மூன்று, ஜிக்பீ சைரன் ஒன்று.

விலை குறைவு என்று சிசி2531 டாங்கிள் பக்கம் போகாதீர்கள். அதன் சக்தி ஒரு அறைக்குத்தான் சரி. மென்பொருளுக்கு ஹோம் அசிஸ்டென்ட் (பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது), அதனுடன் ஜிக்பீ2எம்க்யூடிடி (ஜிக்பீ கருவிகளை அதனோடு இணைப்பது). இந்த வேலைகளையெல்லாம் ஒரே பெட்டியில் செய்யும், கம்பெனிகள் தரும் ஹப் எளிதுதான். ஆனால் பல ஹப்கள் இன்டர்நெட் போனால் மணியடிக்காது, எந்தக் கருவி எதன் வழியாகப் பேசுகிறது என்றும் காட்டாது. ஜிக்பீ2எம்க்யூடிடியில் வரைபடமே இருக்கிறது. நோயாளி இருக்கும் வீட்டில் அந்த வரைபடம் கட்டாயம் வேண்டும். இரண்டையும் நிறுவுவது எப்படி என்று யூடியூபில் நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. அதை முடித்துவிட்டு வாருங்கள்.

1. டாங்கிளைத் தள்ளி வையுங்கள்

ராஸ்பெரி பையின் நீல நிற யூஎஸ்பி 3 துளைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஜிக்பீ ஓடுவதும் அதே அலைவரிசையில்தான். டாங்கிளைக் கறுப்புத் துளையில், நீட்டிப்புக் கேபிளோடு செருகி, ஒரு முழமாவது தள்ளி உயரத்தில் வையுங்கள்.

2. சேனலை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை சேனல்கள். ஜிக்பீ2எம்க்யூடிடி தானாக எடுத்துக்கொள்வது 11. அது வைஃபையின் 1ஆம் சேனலுக்குள் விழுகிறது. நான் 25 வைத்திருக்கிறேன். வைஃபை ரவுட்டரை 1இல் நிறுத்தியிருக்கிறேன். 26 வேண்டாம், சில கருவிகள் அதில் சரியாகப் பேசுவதில்லை. எல்லாக் கருவிகளையும் சேர்த்த பிறகு சேனலை மாற்றினால் சிலவற்றை மறுபடி சேர்க்க வேண்டிவரும்.

3. ரிப்பீட்டர் முதலில், பட்டன் பிறகு

பேட்டரியில் ஓடும் எதுவும் சேதியைக் கைமாற்றாது. பட்டன், கதவு சென்சார், வெப்பநிலை சென்சார் எல்லாம் தூங்கிக் கிடந்து, தேவைப்படும்போது மட்டும் விழிப்பவை. கைமாற்றும் வேலையைச் செய்பவை கரண்டில் ஓடும் கருவிகள் மட்டுமே. எனவே வாசலிலிருந்து கொல்லை நோக்கி 20, 25 அடிக்கு ஒன்றாக ரிப்பீட்டரைச் சேர்த்துக்கொண்டே போங்கள். சுவருக்குப் பின்னால் வைப்பதைவிட நிலைப்படிக்கு அருகில் வைத்தால் சிக்னல் கதவு வழியாகப் போய்விடும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்கவே கூடாது.

ஸ்மார்ட் பல்பும் ரிப்பீட்டராக வேலை செய்யும் என்று படித்துவிட்டு முதலில் தாழ்வாரத்தில் ஒன்றை மாட்டினேன். சாயந்தரம் விளக்கேற்றி, படுக்கும்போது சுவிட்சை அணைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அணைத்ததும் அதன் வழியாகப் போன எல்லாம் அறுந்துவிடும். சுவிட்சில் கட்டுப்படும் பல்பை இந்த வேலைக்கு நம்பாதீர்கள்.

4. பட்டன் எங்கே இருக்கப் போகிறதோ, அங்கேயே வைத்துச் சேர்த்துவிடுங்கள்

டாங்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டனைச் சேர்த்துவிட்டு அப்புறம் கொல்லைக்குக் கொண்டுபோனால், அது பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டு தவிக்கும். சில கம்பெனிகளின் பட்டன்கள் புது ரிப்பீட்டரைத் தேடவே தேடாது. ஜிக்பீ2எம்க்யூடிடியில் புதுக் கருவியைச் சேர்க்க அனுமதி கொடுக்கும் இடத்தில், எந்த ரிப்பீட்டர் வழியாகச் சேரலாம் என்று தேர்ந்தெடுக்க முடியும். அம்மாவின் அறைக்கு அருகிலுள்ளதைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து சேர்த்தேன்.

ஒரு பட்டனை நாடாவில் கோத்துக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன். இரண்டாவதைக் கழிவறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒட்டினேன். விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்டுவது அந்த உயரம்தான்.

மூன்றாவது பட்டன், அடிக்கும் சைரனை நிறுத்த. அதை அக்காவின் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் நிறுத்திவிட்டு மறுபடி கண்ணசந்துவிடுவது யாருக்கும் நடக்கும். மருத்துவமனை வார்டுகளில் நர்ஸை அழைக்கும் மணியை நோயாளியின் படுக்கைக்கு வந்துதான் நிறுத்த முடியும் என்று வைத்திருப்பது இதற்காகவே. நிறுத்தும் பட்டன் அம்மாவின் அறைக் கதவு நிலையில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் நிற்கவில்லையென்றால் சென்னையில் என் போனுக்குத் தகவல் வரும்.

5. இன்வெர்ட்டர் லைன்: என்னை ஏமாற்றிய இடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

எல்லாம் மாட்டி மூன்று வாரம் அருமையாக ஓடியது. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலை போன் செய்தபோது அம்மா சொன்னார்: "ராத்திரி ரெண்டு தடவ அழுத்துனேன்பா, யாரும் வரல. பாவம் அவளும் அசந்து தூங்கறான்னு நானே சுவத்தப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டு வந்துட்டேன்." ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத கால். ஈரத் தரை. எனக்கு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

போனில் அக்காவை விட்டு அழுத்தச் சொன்னேன். மணி அடித்தது. மறுபடி, மறுபடி, ஒவ்வொரு முறையும் அடித்தது. அதனால்தான் காரணம் பிடிபடவில்லை. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது கரண்ட் போயிற்று. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ராஸ்பெரி பையும் ஓடுகிறது. கொல்லைப் பக்க ரிப்பீட்டரின் சின்னப் பச்சை விளக்கு மட்டும் அணைந்திருந்தது.

நம் பக்கத்து வீடுகளில் இன்வெர்ட்டர் வயரிங் செய்யும்போது ஃபேனுக்கும் லைட்டுக்கும் லைன் இழுப்பார்கள். பின்கட்டு ப்ளக் பாயின்ட்கள் நேரடி ஈபி லைனிலேயே நின்றுவிடும். முன்கட்டில் இருந்த ரிப்பீட்டர்களுக்குக் கரண்ட் இருந்தது, பின்கட்டில் இருந்ததற்கு இல்லை. பட்டன் அதை நம்பியே இருந்ததால் சேதி கட்டிலோடு நின்றது. கரண்ட் வந்ததும் ரிப்பீட்டர் உயிர்பெற்று, எதுவுமே நடக்காததுபோல் மணியும் அடித்தது.

செய்ய வேண்டியது இதுதான். மெயினை இறக்குங்கள். வீட்டைச் சுற்றி நடந்து ஒவ்வொரு ரிப்பீட்டரின் விளக்கையும் கண்ணால் பாருங்கள். மெயின் இறங்கிய நிலையிலேயே ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, ரிப்பீட்டர் இருக்கும் பாயின்ட்களை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் மாற்றச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அரை நாள் வேலைதான். ரிப்பீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, இன்வெர்ட்டருக்குப் பாரமே இல்லை. இன்டர்நெட் ரவுட்டரையும் அதே லைனில் போடுங்கள். ஆனால் மணியடிப்பது இன்டர்நெட்டை நம்பி இருக்கக் கூடாது. பட்டன், ராஸ்பெரி பை, சைரன் மூன்றும் வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்கும்படி அமையுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு நாளுக்கு எந்த இன்வெர்ட்டரும் தாங்காது. அம்மாவின் தலைமாட்டில் பூஜை அறை வெண்கல மணி ஒன்றும் இருக்கிறது. புயல் அறிவிப்பு வந்தால் அக்கா பாயை இரண்டாங்கட்டுக்கு மாற்றிவிடுவார்.

6. செத்துப்போன பட்டன் உயிரோடு இருப்பதாகக் காட்டும்

ஜிக்பீ2எம்க்யூடிடியில் கருவி இணைப்பில் இருக்கிறதா என்று காட்டும் வசதியை நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினாலும், கரண்டில் ஓடும் கருவி பேசாமல் போனால் 10 நிமிடத்தில் சொல்லிவிடும். பேட்டரிக் கருவிக்கு 25 மணி நேரம் காத்திருந்த பிறகுதான் சொல்லும். ஒரு முழு நாள் பட்டன் வேலை செய்யாமலே இருக்கலாம். இதற்கு நான் வைத்த வழி: காலை காபி கொடுக்கும்போது அக்கா இரண்டு பட்டன்களையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். 9 மணிக்குள் அழுத்தவில்லையென்றால் எனக்குத் தகவல் வரும்.

மருத்துவமனையில் செய்தபோது

இதைப் பார்த்துவிட்டு, கும்பகோணத்தில் பத்துப் படுக்கை வைத்திருக்கும் டாக்டர் ஒருவர் "தம்பி, எங்க வார்டுக்கும் இதே மாதிரி செஞ்சு குடுங்க" என்றார். அது கான்கிரீட் கட்டடம், நடுவில் எக்ஸ்ரே அறை. அந்தச் சுவரில் ஈயத் தகடு இருப்பதால் சிக்னல் ஊடே போகாது; வராந்தாவைச் சுற்றி ரிப்பீட்டர் வைத்து வளைத்துக் கொண்டுபோனேன். முதல் வாரமே இரண்டு ரிப்பீட்டர்கள் காணாமல் போயின. போன் சார்ஜ் போட யாரோ கழற்றி மேஜையில் வைத்திருந்தார்கள். கைக்கு எட்டாத உயரத்தில் தனிப் பாயின்ட் போட்டுத்தான் தீர்ந்தது.

தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கும் ஒரு சென்சார் வைத்தோம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 8ஐத் தாண்டினால் மட்டும் எச்சரிக்கை வைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஹெபடைடிஸ் பி, டிடி போன்றவை உறைந்தால் வீணாகிவிடும். 2க்குக் கீழே இறங்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். ஃபிரிட்ஜ் ஒரு இரும்புப் பெட்டி, அதனால் ரிப்பீட்டர் அதே அறையில் இருக்கட்டும். குளிரில் சின்ன செல்லின் வோல்டேஜ் இறங்கும் என்பதால் செல்லைக் கொஞ்சம் முன்னதாகவே மாற்றுங்கள். இதெல்லாம் மணிக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டுமே. நோயாளியின் இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு பார்ப்பதை இதில் ஏற்றாதீர்கள். அதற்கென்று சோதித்து அங்கீகரித்த கருவிகள் இருக்கின்றன.

பின்சேர்க்கை 1: ரிப்பீட்டரைப் பவர் பேங்கில் செருகினால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முயன்று பார்த்தேன். ரிப்பீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், எதுவும் செருகியில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகின்றன. ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை 2, தை மாதம்: சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகளைத் தாழ்வாரத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். அன்றே வரைபடத்தில் இணைப்பின் தரம் 140லிருந்து 40க்கு இறங்கியது. ஈரம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடும். புது நெல்லில் ஈரம் அதிகம். ரிப்பீட்டரை மூட்டைக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி ஏற்றியதும் 120க்கு வந்தது. களத்திலிருந்து மூட்டை வீட்டுக்கு வரும் நாளில் எல்லாப் பட்டன்களையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.