பல ஊர்ப் பாட்டை ஒரே சரமாகத் தொடுப்பது: வாராந்திர வானொலி நிகழ்ச்சிக்கு ஒரு கைக்குறிப்பு

நாதஸ்வரம், சென்னைக் கானா, சகாரா பாலைவனத்து துவாரெக் கிடார், பல்கேரிய ஆட்ட இசை என்று கலந்துகட்டி ஒரு மணி நேரம் போடும் நிகழ்ச்சி பெரும்பாலும் இரண்டு இடங்களில் கெட்டுப்போகிறது. ஒன்று, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இருபது நொடி. மற்றது, பாட்டு பிடித்துப்போனவர் மறுநாள் தேடினால் கிடைக்காமல் போவது. பாட்டு பொறுக்குவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.

முதலில் நேரக் கணக்கு. நிலைய அறிவிப்பும் விளம்பரமும் போக 60 நிமிடத்தில் 55 கையில் நிற்கும் என்று வையுங்கள். பேச்சுக்கு 9, பாட்டுக்கு 46. சராசரி நான்கு நிமிடம் என்றால் 11 பாட்டு. பதினொரு நிமிட ராக ஆலாபனை ஒன்றைச் சேர்த்தால் மூன்று பாட்டை எடுத்துவிட வேண்டும். இரண்டை எடுத்துவிட்டு வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கடைசிப் பாட்டு எப்போதும் குரல் இல்லாத வாத்திய இசையாக இருக்கட்டும். அது 4 நிமிடம் 10 நொடி, நிகழ்ச்சி முடிவது 8.58 என்றால், சரியாக 8.53.50-க்கு ஒலியைக் குறைத்து வைத்து ஓடவிடுங்கள். நீங்கள் பேசி முடித்ததும் ஏற்றுங்கள். வாத்தியம் தானாக முடியும், நிகழ்ச்சியும் முடியும். பாடகரின் வரியைப் பாதியில் அறுக்கும் அசிங்கம் நேராது.

பதினொன்றில் மூன்று எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும், நான்கு எங்கோ கேட்ட மாதிரி இருக்க வேண்டும், மீதி நான்கு முற்றிலும் புதிது. சமூக வானொலியின் ஒலி எட்டுவது ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் சுற்றளவுதான். அதனால் தெரிந்த மூன்றும் அந்த வட்டாரத்தார் கோயிலிலும் கல்யாணத்திலும் டீக்கடையிலும் கேட்பவையாக இருக்கட்டும். புதியதை எப்போதும் தெரிந்ததன் முதுகில் ஏற்றி அனுப்புங்கள். தெரியாத பாட்டு இரண்டை அடுத்தடுத்துப் போடலாம். மூன்றாவதில் கேட்பவர் கை நிலையத்தை மாற்றப் போய்விடும்.

கட்டை பார்த்து அடுக்குங்கள்

வரிசை அமைக்க எங்களுக்குத் தெரிந்த நம்பகமான கருவி சுருதிப்பெட்டி. கைப்பேசிச் செயலி போதும். ஒவ்வொரு பாட்டின் முதல் இருபது நொடியையும் கடைசி இருபது நொடியையும் மட்டும் ஓடவிட்டு, ஆதார சுருதி எத்தனை கட்டை (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் என்ன நடக்கிறது என்பது வரிசைக்குத் தேவையில்லை. முடியும் கட்டையும் தொடங்கும் கட்டையும் ஒன்றாக இருந்தால் பாட்டு பாட்டோடு ஒட்டும். 1 கட்டையிலிருந்து 5 கட்டைக்குப் போனாலும் ஒட்டும், அது பஞ்சமம். 1 முடிந்து 1½ வந்தால் காது சுளிக்கும். 3-க்கும் 4-க்கும் இடையே அரைக் கட்டை இல்லை என்பதால் அந்த இரண்டும் பக்கத்தில் வந்தாலும் இதே தொல்லைதான். அப்படி வரும் இடங்களில்தான் உங்கள் பேச்சை வையுங்கள். இருபது நொடி மனிதக் குரல் போதும், காது பழைய சுருதியை மறந்துவிடும்.

பழைய இசைத்தட்டும் ஒலிநாடாவும் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது. ஓட்ட வேகம் ஆறு சதவீதம் பிசகினாலே அரைக் கட்டை ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். பாடகரின் குரல் குழந்தைக் குரல் போலவோ இழுத்துக்கொண்டோ கேட்டால் மட்டும் வேகத்தைத் திருத்துங்கள். வரிசைக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பாட்டின் சுருதியைத் தொடவே தொடாதீர்கள். மாற்ற வேண்டியது வரிசையை.

கட்டைக்கு அடுத்து சுர அமைப்பு. மேற்கு ஆப்பிரிக்கப் பாலைவனக் கிடார் பாட்டுகள் பல, நம் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களுக்குள்ளேயே நிற்கும். எத்தியோப்பியாவின் திஸிதா என்னும் சுர அமைப்பில் ஒரு வகை மோகனத்தின் சுரங்களைக் கொண்டது. மோகனத்தில் ஒரு நாதஸ்வரத் துண்டு, அதே கட்டையில் தொடங்கும் திஸிதா, இடையில் பேச்சே இல்லை: கேட்பவர் நாடு தாண்டியதை அரை நிமிடம் கழித்துத்தான் உணர்வார். தாளத்திலும் இப்படிப் பாலம் போடலாம். பல்கேரிய ஆட்ட இசையான ராச்செனிட்சா 2+2+3 என்று ஏழு எண்ணிக்கையில் ஓடும். நம் மிஸ்ர சாபு 3+2+2. அதே ஏழுதான், பிரிவு மட்டும் புரண்டிருக்கும். ஆனால் ராச்செனிட்சா மிக வேகம். அதன் பின்னால் மெதுவாக நடக்கும் சௌக்க காலக் கீர்த்தனையை வைத்தால் கீர்த்தனை படுத்துவிடும். துரிதமான தவில் தனியை வையுங்கள்.

ஒலி அளவு

1950-களின் இசைத்தட்டும் போன ஆண்டுத் திரைப்பாட்டும் ஒரே அளவில் ஒலிக்காது. ஆடாசிட்டி மென்பொருளில் ஒலியுணர்வைச் சமப்படுத்தும் வசதி உண்டு. ஒளிபரப்பு, ஒலிபரப்புக்கு ஐரோப்பிய நெறி மைனஸ் 23 லஃப்ஸ் (LUFS, ஒலியுணர்வை அளக்கும் அலகு); இணையத்தில் ஏற்றும் பதிவுக்கு மைனஸ் 16 பரவலான வழக்கம். உங்கள் நிலையம் எதைக் கேட்கிறதோ அந்த அளவுக்கு எல்லாப் பாட்டையும் கொண்டுவாருங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். வீணையையும் ஜலதரங்கத்தையும் பறைக்குச் சமமாக ஏற்றினால் கூடவே இரைச்சலும் ஏறும். அவற்றை 2 டெசிபல் குறைவாக வைத்தால்தான் இயல்பாக இருக்கும்.

பண்பலையில் இன்னொரு சிக்கல். அனுப்பும்போது உச்ச அதிர்வெண்கள் வேண்டுமென்றே தூக்கப்படுகின்றன, வானொலிப் பெட்டி அதைத் திரும்ப இறக்குகிறது. ஏற்கெனவே கூர்மையாக இருக்கும் பதிவில் ஜால்ராவும் ‘ஸ’ ஒலியும் இதனால் சிதைந்து கரகரக்கும். 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபல் இறக்குங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே ஒலிபெருக்கியில், மோனோவில் கேட்டுப் பாருங்கள். பழைய மோனோ பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய வெளியீடுகளில், இடமும் வலமும் சேரும்போது பாடகர் குரல் கிணற்றுக்குள் போய்விடும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து மோனோவாக வைத்தால் குரல் திரும்ப வரும்.

ஒலிநாடா மங்கலாகக் கேட்டால் உடனே ட்ரெபிளைக் கூட்ட வேண்டாம். ஓட்டும் கருவியில், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்துத் திருகை, மோனோவில் கேட்டுக்கொண்டே, மிகச் சிறிதாகத் திருப்புங்கள். ஒரு புள்ளியில் ஒலி சட்டென்று தெளியும். வேறு நாடா போடும்போது மறுபடி பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுக்கு அதற்குரிய தடித்த ஊசி கட்டாயம். எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் கொடுக்கும், தானும் கெடும்.

பெயர் சொல்வது

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை படத்தின் பெயர், பாடியவர், இசை, கவிஞர் என்று முழுதாகச் சொல்லிப் பழக்கியது. அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். திரைப்பாட்டு அல்லாததற்கு அதே மரியாதையில் ஊர், கருவி, பதிவான ஆண்டு. இரண்டு பாட்டுக்கு ஒருமுறை பேச்சு, 40 நொடிக்குள். பழக்கமில்லாத பெயரைப் பாட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, இரண்டாம் தடவை நிறுத்தி நிதானமாக.

பட்டியலைப் பகிர்வது

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது சிக்கலுக்கு, பாட்டைத் தேடினால் கிடைக்காததற்கு, மருந்து இதுதான். பட்டியலை நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே வெளியிடுங்கள். முன்கூட்டி வேண்டாம்: அமெரிக்காவுக்கு ஒலிக்கும் இணைய வானொலி, சட்டபூர்வ உரிமத்தில் ஓட வேண்டுமென்றால் வரப்போகும் பாட்டுகளை முன்பே அறிவிக்கக் கூடாது, மூன்று மணி நேரத்துக்குள் ஒரே தொகுப்பிலிருந்து மூன்றுக்கு மேலும், ஒரே கலைஞருடையது நான்குக்கு மேலும் போடக் கூடாது. இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். பதிவு பழையது என்பதால் பாட்டே பொதுவுடைமை ஆகிவிடாது. மெட்டுக்கும் வரிக்கும் அவற்றை ஆக்கியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு. நிலையத்தின் ஒலிபரப்பு உரிமம் நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றுவதற்கும் செல்லும் என்று எண்ணி ஏற்றிவிடாதீர்கள், கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஒரு பாட்டுக்கு ஒரு வரி: நிகழ்ச்சியில் வந்த நிமிடம், பாட்டு, பாடியவர் அல்லது வாசித்தவர், இசை, கவிஞர், தொகுப்பு, நிறுவனம், முதலில் வெளியான ஆண்டு. இணையத் தளங்கள் காட்டுவது பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டு. தட்டின் உறையையோ இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் (Discogs) தளத்தையோ பார்த்துச் சரிசெய்யுங்கள். தமிழ்ப் பாட்டுகளுக்கு அந்தத் தளங்களில் கவிஞர் பெயர் விடுபட்டிருப்பது வழக்கம், தேடிச் சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டுப் பெயரைத் தமிழில் எழுதி, உறையில் உள்ள அதே எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் கொடுங்கள். தேடுபவருக்கு அதுதான் சாவி. சுட்டி மட்டும் போட்டால் அது செத்ததும் பட்டியலும் செத்துவிடும். இணையத்தில் இல்லாத பாட்டுக்கு வேறொருவர் பாடியதை ஓசைப்படாமல் சொருகாதீர்கள். ‘தட்டில் மட்டும் உண்டு’ என்று எழுதிவிட்டு, எந்தத் தட்டு, அதன் எண் என்ன என்பதைக் கொடுங்கள்.

இதே வரிகளை ஒரு விரிதாளிலும் சேர்த்துவையுங்கள். ஒரே கலைஞர் எட்டு வாரத்துக்குள் திரும்ப வருகிறாரா என்று அடுத்த வாரம் பாட்டு எடுப்பதற்கு முன் அதில் பார்த்துக்கொள்ளலாம்.