எத்தியோப்பியாவில் தன்னார்வப் பணி: முதல் நாள் கெட்ட பெயரை மாற்ற

எத்தியோப்பியாவில் புதிதாக வரும் தன்னார்வலர் பலரை மாட்டிவிடுவது கடிகாரம். அங்கே விடியலிலிருந்து மணி எண்ணுவார்கள்; நமது காலை 7 அவர்களுக்கு 1. "2 மணிக்கு வாருங்கள்" என்றால் காலை 8. மதியம் போய் நின்றால் அலட்சியக்காரர் என்று பெயர் விழும். எப்போதும் "உள்ளூர்க் கணக்கா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தவறிவிட்டால் "யிக்கிர்த்தா" என்று மன்னிப்புக் கேளுங்கள். உடனே வேலைப் பேச்சு வேண்டாம். குடும்ப நலம் விசாரியுங்கள். பெரியவர்களிடம் வலக்கை நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தாங்குங்கள்.

காபிக்கு அழைத்தால் அதுதான் நல்ல வாய்ப்பு, விடாதீர்கள். அபோல், தோனா, பரக்கா என 3 சுற்று. 1 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். முதல் கோப்பையோடு எழுந்தால் மனத்தாங்கல் கூடும்.

புதன், வெள்ளியில் நோன்பிருக்கும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இறைச்சி, பால் தொடமாட்டார்கள். சமாதான விருந்தை வேறு நாளில் வையுங்கள்.