விண்டோஸ் 7 கணினியில் இன்றைய மென்பொருள்களை இயக்குவது எப்படி?

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் லாரிகளை நிறுத்தும் எடை மேடையிலோ, பாலக்கோடு, அரூர் ஜெராக்ஸ் கடைகளிலோ விண்டோஸ் 7 கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதற்குப் பெரும்பாலும் தக்க காரணம் இருக்கும். எடை காட்டும் கருவியிலிருந்து வரும் 9 முனை சீரியல் கேபிளோ, புதிய விண்டோஸுக்கு டிரைவர் வெளிவராத பிரிண்டரோ அந்தக் கணினியை மாற்றவிடாமல் பிடித்து வைத்திருக்கும். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. ஆயினும், அதில் இயங்கக்கூடிய கடைசிப் பதிப்பு எது என்று பார்த்து நிறுவினால் அன்றாட வேலைகளில் பலவற்றைச் செய்துகொள்ளலாம்.

எதையும் தொடுவதற்கு முன், கன்ட்ரோல் பேனலில் உள்ள பேக்கப் பகுதிக்குச் சென்று முழுக் கணினியையும் சிஸ்டம் இமேஜாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வையுங்கள். பில் போடும் மென்பொருளின் நிறுவல் சிடி தொலைந்துபோன கடைகளுக்கு இந்த நகல்தான் ஒரே பாதுகாப்பு.

அடுத்து, திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்போது இணையதளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிவதால், பிரவுசர் எந்தப் பக்கத்தையும் திறக்க மறுக்கும். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் இந்தப் பேட்டரியை மாற்றாமல் பிரவுசரைக் குறை சொல்வதில் பயனில்லை.

பிறகு, விண்டோஸ் 7-க்கான திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து முதலில் கேபி4490628, அடுத்து கேபி4474419 ஆகிய அப்டேட்டுகளை நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். ஷா-2 என்னும் டிஜிட்டல் கையொப்ப முறையில் கையொப்பமிடப்பட்ட பிற்கால அப்டேட்டுகளை விண்டோஸ் 7 ஏற்பதற்கு இவை தேவை.

புதிய மென்பொருளைத் திறக்கும்போது வரும் பிழைச் செய்தியை நிதானமாகப் படியுங்கள். ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி’ என்று தொடங்கும் கோப்பு இல்லை என்றால், கேபி2999226 அப்டேட் பெரும்பாலும் அதைத் தீர்த்துவிடும். மாறாக, விண்டோஸின் உள்கோப்பான கெர்னல்32-இல் ஒரு செயற்கூறு காணப்படவில்லை என்று வந்தால், அந்த மென்பொருள் விண்டோஸ் 7-இல் இல்லாத வசதியைக் கேட்கிறது என்று பொருள். அதன் பழைய பதிப்பைத் தேடுவதே முறை. இரண்டு நிலையிலும், மென்பொருள்களுக்குத் துணையான டிஎல்எல் கோப்புகளைத் தனியாக அள்ளித் தரும் தளங்களிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். வைரஸ் நுழைவதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

பிரவுசரில் குரோமின் 109-ஆம் பதிப்பே இங்கு ஓடும் கடைசிப் பதிப்பு. அது 2023 தொடக்கத்தில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப்) பதிப்புக்கு அதன் பின்னரும் நெடுநாள் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்ததால், நான் அதையே பரிந்துரைக்கிறேன். அலுவலக வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் 25.2 வரை நிறுவலாம். வீடியோ பார்க்க விஎல்சி 3, கோப்புகளைச் சுருக்க செவன்-ஜிப் ஆகியவற்றில் சிக்கல் இல்லை.

இவ்வளவு செய்தாலும் விண்டோஸின் உள்ளே உள்ள ஓட்டைகள் அடைபடுவதில்லை. ஆகவே வங்கிக் கணக்கையும் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்களையும் இந்தக் கணினியில் கையாளாதீர்கள்; எடை மேடைக் கணினிக்கு இணையம் தேவையில்லை என்றால் இணையக் கேபிளையே கழற்றிவிடுங்கள்.

பழைய கருவி எதுவும் பிணைக்கப்படாத கணினி என்றால், விண்டோஸ் 7-உடன் போராடவே வேண்டாம். 64 பிட் செயலியும், 2 ஜிபி ராமும் இருந்தால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்டின், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஓடும். 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே அதைத் துவக்கி, வைஃபை, பிரிண்டர், தமிழ் எழுத்து மூன்றும் சரியாக வருகின்றனவா என்று சோதித்த பிறகே நிறுவுங்கள்.