சீட்டை மாற்றினால் சரக்கு மாறாது: ஆய அமைப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபட மென்பொருளில் ஒரு இடத்தை எண்களால் குறிக்கும் முறைதான் ஆய அமைப்பு (சிஆர்எஸ்). அதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப்போனால் புள்ளிகள் எங்கோ கடலில் போய் விழும். பார்த்ததும் அவரவரே திருத்திக்கொள்வார்கள். அதை விடுங்கள்.

ஆய அமைப்பை ‘மாற்றுவது’

எத்தனை முறை சொன்னாலும் புதியவர்கள் இதில்தான் விழுகிறார்கள். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ‘செட் லேயர் சிஆர்எஸ்’ என்ற கட்டளை, லேயரின் (தரவு அடுக்கின்) கோப்பிலுள்ள எண்களைத் தொடாது. அவை எந்த அமைப்பின் எண்கள் என்ற சீட்டை மட்டும் மாற்றி ஒட்டும். எண்களையே கணக்கிட்டுப் புதிய லேயராகத் தருவது ‘ரீப்ராஜெக்ட் லேயர்’. இன்னொரு மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ்ஸில் இதே ஜோடிக்கு ‘டிஃபைன் ப்ரொஜெக்ஷன்’, ‘ப்ராஜெக்ட்’ என்று பெயர். பெயரைப் பார்த்தாலே குழம்பும்படி வைத்திருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

பாகையில் இருக்கும் லேயருக்குச் சதுர மீட்டரில் பரப்பளவு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் அமைப்பின் 33 வடக்கு மண்டலம் (அடையாள எண் இபிஎஸ்ஜி 32633) என்று சீட்டை மட்டும் மாற்றினால், கிழக்கு 14.2, வடக்கு 50.1 பாகையில் இருந்த புள்ளியை மென்பொருள் 14.2 மீட்டர், 50.1 மீட்டர் என்று படிக்கும். புள்ளி பூமத்தியரேகைக்கு 50 மீட்டர் வடக்கே, மண்டலத்தின் நடுக்கோட்டுக்குச் சுமார் 500 கி.மீ. மேற்கே போய் உட்காரும். ஒரு பாகை அகல நிலம் ஒரு மீட்டராகச் சுருங்கிவிடும்.

இதாவது கண்ணில் படும். டேட்டம் (பூமியின் வடிவத்துக்கும் இருப்புக்கும் எடுத்துக்கொண்ட அடிப்படை) மட்டும் தவறினால் படாது. ஐரோப்பாவின் பழைய டேட்டமான ஈடி 50இன் பாகைகளுக்கு, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 (இபிஎஸ்ஜி 4326) சீட்டை ஒட்டுங்கள்: வரைபடம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், எல்லைக்கோடு மட்டும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். அதை வைத்து யாராவது குழி தோண்டிய பிறகுதான் தெரியவரும். அதற்குள் அந்தத் தவறான சீட்டோடு ஏற்றுமதியான கோப்புகள் நாலு பேர் கைக்குப் போயிருக்கும்.

சீட்டே இல்லாத கோப்பு வந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காதீர்கள். லேயர் பண்புகளில் ‘எக்ஸ்டென்ட்’ (எண்கள் எதிலிருந்து எது வரை) பாருங்கள். 180, 90க்குள் அடங்கினால் பாகை. கிழக்கு மதிப்பு ஆறு இலக்கம், 5,00,000க்கு இரு பக்கமும் என்றால் யுடிஎம்மாக இருக்கலாம். ஆனால் எந்த மண்டலம், எந்த டேட்டம் என்பதை எண்கள் சொல்லாது. கோப்பைத் தந்தவரைக் கேட்டாக வேண்டும்.

பாகையில் பஃபர்

பஃபர் என்பது ஒரு பொருளைச் சுற்றி இத்தனை தூரம் என்று வரையும் வளையம். பாகை லேயரில் 100 என்று கொடுத்தால் 100 மீட்டர் அல்ல, 100 பாகை.

வெப் மெர்கேட்டரில் அளப்பது

இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் (இபிஎஸ்ஜி 3857) பார்ப்பதற்கு மட்டும். 60ஆம் அட்சரேகையில் நீளம் இரு மடங்கு, பரப்பளவு நான்கு மடங்கு காட்டும்.

டேட்டம் மாற்றப் பெட்டியில் கண்ணை மூடி ஓகே

ஒரு டேட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எந்த வழியில் என்று மென்பொருள் ஒரு பெட்டியில் கேட்கும். அதன் பட்டியலில் துல்லியம் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். படியுங்கள். ‘பால்பார்க்’ என்று வந்தால் டேட்டம் மாற்றமே நடக்கவில்லை என்று பொருள். தேவையான கிரிட் கோப்பை (இடத்துக்கு இடம் திருத்த அளவுகள் கொண்டது) பதிவிறக்கிவிட்டுத் தொடருங்கள்.

உயரம்

ஜிபிஎஸ் தரும் நீள்வட்ட உயரம் (பூமிக்கு மாதிரியாக வைத்த கணித வடிவத்திலிருந்து அளப்பது) கடல்மட்ட உயரம் அல்ல. சில இடங்களில் வித்தியாசம் 100 மீட்டரைத் தாண்டும்.

ஷேப்ஃபைல் அனுப்பும்போது

ஷேப்ஃபைல் என்பது பல கோப்புகள் சேர்ந்த வரைபடத் தரவு. அதில் ஆய அமைப்பின் சீட்டான பிஆர்ஜே கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.