வேட்டை நாய் எடுக்கும்போது அழகை அப்புறம் பாருங்கள்

குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு முன்னால் அதன் தாயும் தகப்பனும் வேலை செய்வதைக் காட்டச் சொல்லுங்கள். கோப்பையும் போட்டோவும் போதாது, புதரும் புல்லுமாய் இருக்கிற இடத்தில் நேரில் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கர் ஸ்பானியல், காக்கர், லாப்ரடார், ஐரிஷ் செட்டர் போன்ற இனங்களில் நாய்க் கண்காட்சிக்கு ஒரு வம்சம், வேட்டைக்கள வேலைக்கு ஒரு வம்சம் என்று பல தலைமுறைகளாகத் தனித்தனியே வளர்க்கிறார்கள், அதனால் இனப்பெயர் ஒன்றாக இருந்தாலும் உடம்பிலும் வேகத்திலும் ஆர்வத்திலும் நிறைய வித்தியாசம் இருக்கும். கண்காட்சி ஸ்பிரிங்கரின் நீளக் காதும் அடர்ந்த முடியும் பார்க்க அழகுதான், ஆனால் ஒருமுறை புதருக்குள் புகுந்து வந்தால் அக்குளிலும் காது மடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டுமுள் திரண்டு நிற்கும், அதைச் சிக்கெடுத்தே பொழுது போய்விடும்.

உடலமைப்பே முக்கியமில்லை என்று சொல்லவில்லை. விரல்கள் இறுக்கமாகச் சேர்ந்த பாதம், சரியாகப் பொருந்தும் பல்வரிசை, பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே, இதெல்லாம் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. நிறத்தையும் நெற்றிப் புள்ளியையும் விட்டுத் தள்ளுங்கள்.

குட்டியிடம் ஒரு சின்னச் சோதனை: பறவைச் சிறகு ஒன்றைப் புல்லில் இழுத்துக்கொண்டு போய் மறைத்து வையுங்கள், மூக்கைத் தரையில் வைத்துத் தேடுகிறதா பாருங்கள். சற்றுத் தள்ளி ஒரு பாத்திரத்தைக் கீழே போடுங்கள், திடுக்கிடுவது தப்பில்லை, உடனே தேறி வருகிறதா என்பதுதான் கணக்கு. இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், அதே ஜோடியின் முந்தைய ஈற்றுக் குட்டிகள் இப்போது எப்படி வேலை செய்கின்றன என்று வளர்ப்பவர்களிடம் விசாரியுங்கள்.