ஒற்றைத் தலைவலியும் டோபமைனும்: கொட்டாவியிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி மலைப்பாதை வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களில் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு, வலி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே அடுக்கடுக்காகக் கொட்டாவி வருவதும் வயிற்றைப் புரட்டுவதும் உண்டு. கொட்டாவிக்கு அரைத்தூக்கத்தையும், குமட்டலுக்குக் கொண்டை ஊசி வளைவுகளையும், அதுவும் பொருந்தாவிட்டால் பித்தத்தையும் காரணம் சொல்லிவிடுவதே முதல் தவறு. மலைக்கு அப்பால் ‘கொடிஞ்ஞி’ என்று மலையாளத்தில் அழைக்கப்படும் இந்நோய், வலிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இதில், மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனுக்குப் பங்கு உண்டு என்ற கருத்தை இத்தாலிய மருத்துவர் சிகூட்டேரி 1977இல் முன்வைத்தார். டோபமைனைப் போலச் செயல்படும் மருந்தை மிகச் சிறிய அளவில் கொடுத்தாலே இந்நோயாளிகளுக்குக் கொட்டாவியும் குமட்டலும் எளிதில் வருவது அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அதற்காக டோபமைன் ஒன்றே காரணம் என்று கொள்ளக் கூடாது. செரட்டோனின் என்னும் இன்னொரு செய்தி கடத்திக்கும், சிஜிஆர்பி என்னும் சிறு புரதத் துணுக்குக்கும் பங்கு உண்டு. டோபமைன் என்றால் மகிழ்ச்சி என்று கைப்பேசிக் காணொளியில் கேட்டு அதைக் கூட்ட வழி தேடுகிறவர்கள், ஒற்றைத் தலைவலிக்கு மருத்துவர் தரும் வாந்தி மாத்திரை டோபமைனைத் தடுக்கும் மருந்து என்று அறிந்தால் வியப்பார்கள்.

அந்த மாத்திரையை, வாந்திதான் இல்லையே என்று ஒதுக்கிவிடுவது அடுத்த தவறு. தலைவலி வந்த நேரத்தில் இரைப்பையின் இயக்கம் மந்தமாவதால், முற்றிய பிறகு விழுங்கும் வலி மாத்திரை வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. அத்தகைய வாந்தி மாத்திரைகளில் ஒன்றான மெட்டோகுளோபிரமைடு இரைப்பையை இயக்கி அம்மாத்திரை குடலுக்குச் சேர உதவுகிறது. ஊசியாகச் செலுத்தினால் வலியையும் தணிக்கிறது. இதை அறியாமல் வலி மாத்திரையையே மீண்டும் மீண்டும் விழுங்கி, மாதத்தில் 15 நாட்களை எட்டும்போது, பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரையாயின் 10 நாட்களிலேயே, மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும்.

மெட்டோகுளோபிரமைடையும் விருப்பம்போல் நீட்டிக்கக் கூடாது. ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அதை 5 நாட்களுக்கு மட்டுப்படுத்தியது. இளம் வயதினர் சிலருக்கு அதனால் கழுத்து ஒருபக்கம் முறுக்கிக்கொண்டு, கண்கள் மேலே செருகி, தாடை இறுகிவிடும். அதைக் காற்றுக் கருப்பு என்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்லாமல், மருத்துவமனைக்குச் சென்று விழுங்கிய மாத்திரையின் அட்டையைக் காட்டினால், பெரும்பாலும் ஒரே ஊசியில் சரியாகிவிடும். இன்னொரு வாந்தி மருந்தான டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழையாததால் இத்தொல்லை குறைவு என்றாலும், இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் எரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துடன் சேர்த்து உட்கொள்ளக் கூடாது.

தமிழக-கேரள எல்லைப்புறத்துக்கே உரிய தவறு ஒன்றும் உண்டு. குமுளியில் ஒரு மருந்துச்சீட்டு, கம்பத்தில் இன்னொன்று. ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களில் வீட்டுக்கு வந்து, இரண்டும் சேர்ந்தே உள்ளே போகிறது. தலைவலி வராமல் தடுக்கத் தரப்படும் ஃபுளூனரிசின் விஷயத்தில் இது மிகவும் கெடுதல். டோபமைனையும் ஓரளவு தடுக்கும் அம்மருந்தைச் சில மாதங்களுக்கென்று தொடங்கி, பழைய சீட்டைக் காட்டியே ஆண்டுக்கணக்கில் வாங்கும் முதியவர்களுக்கு, மனச்சோர்வும் கைநடுக்கமும் நடைத் தளர்வும் வரக்கூடும். வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடும் அந்த நடுக்கம், மருத்துவர் மருந்தை நிறுத்தியபின் பலருக்குச் சில மாதங்களில் மெல்லக் குறைகிறது.