'யூஸ்ட் டு' என்னை மாட்டிவிட்ட கதை

ஒரு இன்டர்வியூவில் தினசரி வேலையைப் பற்றிக் கேட்டார்கள். 'ஐ யூஸ்ட் டு செக் த பேக்கப் எவ்ரி மார்னிங்' என்றேன், கெத்தாகத்தான். எதிரில் இருந்தவர் புருவத்தைத் தூக்கி, "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார். நான் எங்கே நிறுத்தினேன்? அன்று காலையில்கூடப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் குற்றவாளி தமிழ்தான் என்று தெரிந்தது. 'தினமும் வாக்கிங் போவேன்' என்றாலும், 'சின்ன வயசுல ஆத்துக்குக் குளிக்கப் போவேன்' என்றாலும் நமக்கு ஒரே 'போவேன்'. இரண்டுமே 'வழக்கம்'. அந்த வழக்கத்தை அப்படியே 'யூஸ்ட் டு' ஆக்கிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ அது முன்பு இருந்து, இப்போது விட்டுப்போன பழக்கத்துக்கு மட்டும். 'ஐ யூஸ்ட் டு ஸ்மோக்' என்றால் இப்போது புகைப்பதில்லை என்று அர்த்தம். நடப்புப் பழக்கத்துக்கு வெறும் 'ஐ செக்' போதும். வேண்டுமானால் 'யூஷுவலி' சேர்க்கலாம்.

நான் செய்த வைத்தியம் இதுதான்: வாயில் 'யூஸ்ட் டு' வந்ததும் மனசுக்குள் 'அப்பல்லாம்' சேர்த்துப் பார்ப்பேன். 'அப்பல்லாம் பேக்கப் பார்ப்பேன்' இடித்தால் மாற்றிவிடுவேன். ஒரு மாதத்தில் கை வந்துவிட்டது.

'ஐ ஆம் யூஸ்ட் டு' தனிக் கதை. அது 'பழகிப்போச்சு'. 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபைவ்'. அங்கே 'வேக்' வராது, 'வேக்கிங்'தான்.

அந்த வேலை கிடைக்கவில்லை. காரணம் இதுவல்ல என்றுதான் இன்னமும் சொல்லிக்கொள்கிறேன்.